நாய்க்கும் பூனைக்கும் நம் ஊரில் எது பருவம்?

கேட்டவர் எழுதியது இது: "மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். எங்கள் நாய் கருப்பிக்கு ஒன்றரை வயது. ஏப்ரலில், சித்திரைப் புத்தாண்டு வாரத்தில், இரத்தம் படத் தொடங்கியது. பத்து நாள் கட்டி வைத்தோம். இரத்தம் நின்றதும் அவிழ்த்துவிட்டோம். இப்போது ஜூன் முதல் வாரம். மடி வீங்கியிருக்கிறது, வயிறும் கொஞ்சம் இறங்கின மாதிரி தெரிகிறது. பாட்டியோ, நாய் கார்த்திகை மார்கழியில்தான் சேரும், இது வெறும் கொழுப்பு என்கிறார். வீட்டுப் பூனை ஏப்ரல் தொடக்கத்தில்தான் குட்டி போட்டது. அது இப்போது மறுபடி ராத்திரி முழுக்கக் கத்துகிறது. இதுகளுக்குப் பருவம் என்று ஒன்று உண்டா இல்லையா?"

தம்பி, கருப்பி சினையாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். நீங்கள் அதைக் கட்டி வைத்தது சரி, ஆனால் அவிழ்த்துவிட்ட நாள்தான் சிக்கல். இரத்தம் நின்றதும் ஆபத்து முடிந்தது என்று நினைத்து அவிழ்த்துவிட்டீர்கள். உண்மையில் அன்றைக்குத்தான் அது ஆணை ஏற்றுக்கொள்ளத் தயாராகிறது. நம் வட்டாரத்தில் வேண்டாத குட்டிகள் பிறப்பதற்கு இந்த ஒரு தவறான கணக்குத்தான் பெரிய காரணம் என்பேன். அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

நாய்க்கு வரும் இரத்தத்தைப் பெண்களின் மாதவிலக்கோடு சேர்த்துப் பார்க்கக் கூடாது. பெண்களுக்குக் கரு தங்காமல் போன பிறகு, ஒரு சுற்று முடிகிற இடத்தில் இரத்தம் வரும். நாய்க்கு நேர்மாறு. சுற்று தொடங்கும்போதே வந்துவிடும். ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் ஏற ஏறக் கருப்பைக்கு இரத்த ஓட்டம் கூடி, நுண்குழாய்களிலிருந்து கசிவதுதான் நீங்கள் பார்க்கும் சொட்டு. இந்தக் கட்டம் சராசரியாக 9 நாள். சில நாய்களுக்கு 3 நாளிலேயே முடியும், சிலவற்றுக்கு 2 வாரத்துக்கு மேலும் போகும். பின்பக்கம் தடித்திருக்கும், மோப்பம் பிடித்துக்கொண்டு ஆண் நாய்கள் வாசலுக்கு வந்துவிடும், ஆனால் பெட்டை விடாது. திரும்பி உறுமும், கடிக்கவும் செய்யும். "அதுதான் விரட்டுதே" என்று வீட்டில் நிம்மதியாக இருப்பார்கள்.

அப்புறம் ஒரு நாள் எல்லாம் மாறும். சிவப்பு வெளுத்து வைக்கோல் நிறத்துக்கு வரும், அளவும் குறையும். தடித்திருந்த இடம் தளர்ந்து மென்மையாகும். வீட்டிலேயே சோதிக்கலாம்: வாலுக்கு மேலே, இடுப்பில் கை வைத்து மெல்லத் தேய்த்துப் பாருங்கள். பின்னங்காலை அழுத்தி ஊன்றி, வாலை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டு ஆடாமல் நிற்கும். அப்படி நின்றால் அது இணை சேரும் கட்டத்தில் இருக்கிறது. இதுவும் சராசரியாக 9 நாள், சில நாய்களுக்கு 3 வாரம் வரை இழுக்கும். இந்தக் கட்டத்திலும் சிவப்பாகவே இரத்தம் விடும் நாய்கள் உண்டு, சுத்தமாக நக்கிக்கொண்டு ஒரு சொட்டுக்கூடக் காட்டாத நாய்களும் உண்டு. ஆகவே இரத்தத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போடாதீர்கள். முதல் சொட்டைப் பார்த்த நாளிலிருந்து முழுதாக 4 வாரம் கதவுக்குள் வைத்திருங்கள். கதவுக்குள் என்றுதான் சொல்கிறேன். வாசலில் சங்கிலி போட்டுக் கட்டினால் ஓடித் தப்பிக்கக்கூட அதற்கு வழியில்லை.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். நாயின் சினைமுட்டை வெளியே வரும்போது முதிர்ந்திருக்காது. முதிர்வதற்கே இன்னும் 2, 3 நாள் ஆகும், அதன் பிறகும் சில நாள் உயிரோடு இருக்கும். ஆணின் விந்தணுவோ உள்ளே ஒரு வாரம்வரை காத்திருக்கக்கூடியது. அதனால் "ஒரே ஒரு தடவைதான் பார்த்தோம், அதுவும் நாள் தள்ளி" என்று சொல்வதில் ஆறுதல் இல்லை. ஒரே ஈற்றில் இரண்டு மூன்று ஆண்களின் குட்டிகள் பிறப்பதும் இதனால்தான். ஒன்று கறுப்பு, ஒன்று செவலை, ஒன்று காது மடங்கினது என்று வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

லயத்துப் பக்கம் நாய்கள் பின்னிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் பிள்ளைகள் கல்லெறிவார்கள், யாராவது ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றுவார்கள். தயவுசெய்து செய்ய விடாதீர்கள். ஆணுறுப்பின் அடிப்பகுதி உள்ளே வீங்கிவிடுவதால்தான் அவை அப்படி மாட்டிக்கொள்கின்றன. வீக்கம் வற்ற 5 நிமிடத்திலிருந்து அரை மணி நேரம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். இழுத்துப் பிரித்தால் இரண்டுக்கும் கிழிந்து காயமாகும். பிரித்தும் பயனில்லை. விந்து ஏற்கெனவே உள்ளே போயிருக்கும். ஓரமாக நின்று மற்ற நாய்களை விரட்டிவிட்டு, தானாகப் பிரியும்வரை விட்டுவிடுவதுதான் நல்லது.

கருப்பிக்கு வருவோம். நாயின் சினைக்காலம் 63 நாள் என்பது முட்டை வெளிவந்த நாளிலிருந்து எண்ணுவது. சேர்ந்த நாளிலிருந்து எண்ணினால், விந்தணு காத்திருப்பதால், 57 முதல் 72 நாள்வரை முன்பின்னாகும். ஏப்ரல் கடைசியில் சேர்ந்திருந்தால் ஜூன் கடைசி வாரத்தை ஒட்டிக் குட்டி போடலாம். ஆனால் மடி வீக்கத்தை மட்டும் பார்த்து முடிவு கட்ட முடியாது. நாய்க்குச் சினை நின்றாலும் நிற்காவிட்டாலும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் ஏறத்தாழ 2 மாதம் உடம்பில் ஓடும். அது இறங்கும்போது, பருவம் வந்து 6 முதல் 8 வாரத்தில், வயிற்றில் ஒன்றுமே இல்லாத நாய்க்கும் மடி வீங்கும், பால் சுரக்கும். துணியைக் குவித்துக் கூடு கட்டும், செருப்பைக் குட்டியாக நினைத்துக் காவல் காக்கும். பொய்ச்சினை என்பது இதுதான். கருப்பி இப்போது சரியாக அந்தக் காலக்கட்டத்தில் இருக்கிறது. ஸ்கேன் எடுத்தால் உடனே தெரிந்துவிடும். 55ஆம் நாளுக்கு மேல் எக்ஸ்ரே எடுத்தால் எத்தனை குட்டி என்றும் எண்ணலாம். எத்தனை என்று தெரிந்தால்தான் ஈற்று முடிந்ததா, இன்னும் ஒன்று உள்ளே மாட்டியிருக்கிறதா என்று சொல்ல முடியும்.

சினைதான் என்றால் கடைசி 3 வாரம் தீனியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், வெறும் சோறாக வேண்டாம். கால்சியம் மாத்திரையை நீங்களாகக் கொடுக்காதீர்கள். சினையில் அதிகம் கொடுத்தால், பால் கொடுக்கும் காலத்தில் இரத்தத்தில் சுண்ணாம்புச்சத்து திடீரென விழுந்து வலிப்பு வரலாம். நாள் நெருங்கியதும் காலையும் மாலையும் ஆசனவாயில் வெப்பமானி வைத்துப் பாருங்கள். வழக்கமாக 38 டிகிரிக்கு மேல் இருப்பது 37.2க்குக் கீழே இறங்கினால், பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் குட்டி போட்டுவிடும். அரை மணி நேரம் விடாமல் முக்கியும் குட்டி வரவில்லை என்றாலோ, முதல் குட்டிக்கு முன்பே பச்சை நிறத்தில் கசிந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ தூரமில்லை. இராத்திரியில் திறந்திருக்கும் கிளினிக் எது என்று முன்கூட்டியே விசாரித்து எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பாட்டி சொன்னதற்கு வருகிறேன். அவர் பொய் சொல்லவில்லை. நம் முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவந்த கணக்கு அது, அந்த மண்ணுக்கு அது ஏறக்குறைய சரி. இந்தியத் தெருநாய்கள் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு முறை, மழைக்காலம் ஓய்கிற மாதங்களில் இணை சேர்ந்து, குளிர்காலத்தில் குட்டி போடுகின்றன. ஜெய்ப்பூரில் கருத்தடைக்காகப் பிடித்த தெருநாய்களிடமும் இதைப் பார்த்திருக்கிறார்கள், வங்காளத்துத் தெருக்களிலும் குட்டிகள் அதிகம் பிறப்பது குளிர்காலத்தில்தான். ஓநாயும் ஆண்டுக்கு ஒரு முறைதான். வீட்டு நாய் அந்தக் கட்டிலிருந்து பெரும்பாலும் விடுபட்டுவிட்டது. பசெஞ்சி, திபெத்திய மஸ்டிஃப் மாதிரி சில இனங்கள்தான் இன்னும் ஆண்டுக்கு ஒரு முறை வருகின்றன. மற்றவை 5 முதல் 11 மாதத்துக்கு ஒரு முறை, சராசரியாக 7 மாதத்துக்கு ஒரு முறை, எந்த மாதமானாலும் பருவத்துக்கு வரும். நம் தோட்டத்து நாய்கள் பல இனம் கலந்தவை. ஒவ்வொன்றுக்கும் அதனதன் கணக்கு. ஒரே வீட்டில் இரண்டு மூன்று பெட்டைகள் இருந்தால் ஒன்றையொட்டி ஒன்று வருவது உண்டு, அதைப் பார்த்துவிட்டு "சீசன் ஆரம்பிச்சிருச்சு" என்று ஊரே சொல்லும்.

ஆகவே பஞ்சாங்க மாதத்தை விட்டுவிட்டு, கருப்பியின் சொந்தத் தேதியைப் பிடியுங்கள். அடுப்படியில் தொங்கும் சாமி படக் காலண்டரில், முதல் சொட்டைப் பார்த்த நாளில் ஒரு வட்டம். அங்கிருந்து 7 மாதம் தள்ளி இன்னொரு வட்டம், அதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே கவனம். இந்தக் கணக்கில் கருப்பியின் அடுத்த முறை நவம்பர் நடுவில், அதாவது கார்த்திகையில் விழுகிறது. அப்போது பாட்டி "நான் சொன்னேன்ல" என்பார். சொல்லட்டும். ஆனால் அதற்கடுத்தது ஜூனை ஒட்டி வரும், அதை மறந்துவிடாதீர்கள்.

பூனையின் கதை முழுக்க வேறு. பூனைக்கு உண்மையிலேயே பருவகாலம் உண்டு. அதைத் தீர்மானிப்பது மழையோ குளிரோ அல்ல, வெளிச்சம். பகல் நீண்டிருந்தால் பருவத்துக்கு வரும். இருட்டு நீண்டால் மூளையில் மெலடோனின் என்ற ஹார்மோன் அதிகம் சுரந்து, சூலகம் ஓய்வெடுத்துக்கொள்ளும். லண்டனில் குளிர்காலப் பகல் 8 மணி நேரத்துக்குக் குறைந்துவிடும், கோடையில் 16 மணி நேரத்தைத் தாண்டும். அதனால் அங்கே அக்டோபரிலிருந்து ஆண்டுக் கடைசிவரை பூனைகள் பெரும்பாலும் அடங்கியிருக்கும். சென்னையில்கூட மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒன்றரை மணி நேரம் வேறுபாடு. சுங்கை சிப்புட் நிலநடுக்கோட்டுக்கு 5 பாகைகூட வடக்கே இல்லை. இங்கே அந்த வேறுபாடு சுமார் அரை மணி நேரந்தான். பொங்கலானாலும் தீபாவளியானாலும் ஏழு மணி வாக்கில் விடிகிறது, ஏழு மணி வாக்கில் இருட்டுகிறது. பகல் எப்போதும் 12 மணி நேரத்தை ஒட்டியே இருப்பதால், ஓய்வெடு என்று பூனையின் உடம்புக்குச் சொல்ல இங்கே எதுவும் இல்லை. போதாததற்கு வீட்டு விளக்கும் தெருவிளக்கும். ஆகவே நம் ஊர்ப் பூனைக்கு ஆண்டு முழுவதும் பருவந்தான்.

பூனைக்கு இரத்தம் வராது. வந்தால் அது நோய், உடனே காட்ட வேண்டும். கத்துவதுதான் அடையாளம். தரையில் புரளும், கால், மேசை என்று எல்லாவற்றிலும் உரசும், முதுகைத் தடவினால் முன்னுடம்பைத் தரையோடு அழுத்திப் பின்பக்கத்தைத் தூக்கிப் பின்னங்காலால் மிதிக்கும். முதுகு உடைந்துவிட்டது என்று பயந்து தூக்கிவருகிறவர்கள் இருக்கிறார்கள். வலி என்று நினைத்துப் பெனடோல் கொடுத்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். கொடுக்காதீர்கள் தம்பி. அதில் இருக்கும் பாரசிட்டமோல் பூனையைக் கொன்றுவிடும், அரை மாத்திரைகூட உயிரை எடுக்கும்.

இது ஒரு வாரம் வரை நீடிக்கும். ஆண் கிடைக்காவிட்டால் சில நாள் அடங்கியிருந்து, 2, 3 வாரத்தில் மறுபடி தொடங்கும். காரணம் இதுதான்: நாயைப் போல நாள் வந்ததும் பூனையின் முட்டை தானாக வெளிவருவதில்லை. சில பூனைகளுக்கு விதிவிலக்கு உண்டு, பொதுவாகப் புணர்ச்சிதான் அதை வெளியே கொண்டுவருகிறது. கடுவன் பிடரியைக் கவ்விப் பிடித்துச் சேர்வது ஒரு நிமிடங்கூட ஆகாது. அதன் உறுப்பில் பின்பக்கம் பார்த்த சிறு முட்கள் உண்டு. விலகும்போது பெட்டை அலறித் திரும்பி அறைவது அதனால்தான். அந்தத் தூண்டல் மூளைக்குப் போய், ஹார்மோன் சுரந்து, ஒன்றிரண்டு நாளில் முட்டைகள் வெளிவரும். ஒரு முறை போதாமல் போகலாம் என்பதால் ஒரே நாளில் பல முறை, பல கடுவன்களோடு சேரும். தகரக் கூரை மேல் விடிய விடிய நடக்கும் சண்டை இதுதான்.

சினைக்காலம் 63 முதல் 67 நாள். குட்டி போட்ட பூனை, குட்டிகள் பால் மறந்ததும் பருவத்துக்கு வரும், சில பூனைகள் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே வந்துவிடும். உங்களுடையதற்குக் குட்டிகள் 2 மாதமாகிவிட்டன. அது கத்துவது இயல்பானது. இப்போது விட்டால் ஆகஸ்ட்டில் அடுத்த ஈற்று. அது மட்டுமில்லை, ஏப்ரலில் பிறந்த பெட்டைக் குட்டிகளுக்கும் ஆகஸ்ட்டில் 4 மாதம். அந்த வயதிலேயே பருவத்துக்கு வரும் குட்டிகள் உண்டு. அண்ணன் தங்கை என்ற கணக்கு அவற்றுக்கு இல்லை, கூடப்பிறந்த ஆண் குட்டியே சினையாக்கிவிடும். எலிக்காக ஒரே ஒரு பூனை வளர்த்த வீட்டில் ஓராண்டில் பத்துப் பன்னிரண்டு ஆவது இப்படித்தான்.

கத்தலை நிறுத்த மனிதர்கள் சாப்பிடும் கருத்தடை மாத்திரையை மீனில் பொடித்துப் போடுவது, யாரோ சொன்னார்கள் என்று "பருவம் வராத ஊசி" போடுவது, இரண்டும் நம் பக்கம் நடக்கிறது. எனக்கு இதில் கோபமே உண்டு. அந்த மருந்துகளில் இருக்கும் புரோஜெஸ்டிரோன் வகை ஹார்மோன் கருப்பையில் சீழ் கட்டவும், மடியில் கட்டி வரவும், சர்க்கரை நோய் வரவும் வழி செய்கிறது. சினையான பிறகு போட்டால் குட்டி போட முடியாமல் தாயே சாகலாம்.

கருப்பையில் சீழ் கட்டுவது மருந்தே போடாத நாய்க்கும் வரும், குறிப்பாகக் கருத்தடை செய்யாத, வயதான பெட்டைக்கு. பருவம் முடிந்து 1, 2 மாதத்தில் தண்ணீரை விடாமல் குடிக்கும், சாப்பாட்டை ஒதுக்கும், வாந்தி எடுக்கும். பின்னால் நாற்றத்தோடு சீழ் வடியலாம். வடியாமல் உள்ளேயே அடைத்துக்கொண்டால் இன்னும் ஆபத்து. அன்றைக்கே ஆபரேஷன் தேவைப்படும் நோய் இது.

"மாதா மாதம் வருகிறது" என்று சொல்லிக் கொண்டுவரும் நாய்களும் உண்டு. நாய்க்கு மாதா மாதம் வராது. பருவம் இல்லாத காலத்தில் சொட்டுச் சொட்டாக இரத்தம் பட்டால், உள்ளே காலிஃபிளவர் மாதிரி ஒரு சதை வளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது இணை சேரும்போது ஒரு நாயிலிருந்து இன்னொரு நாய்க்கு நேரடியாக ஒட்டிக்கொள்ளும் புற்று. அவிழ்த்துவிட்டு வளர்க்கும் நாய்களிடம் சாதாரணமாகக் காணப்படுவது, ஆணுக்கும் வரும். வாரம் ஒரு முறை வின்கிரிஸ்டின் என்ற புற்று மருந்து ஊசி, சில வாரம் தொடர்ந்து போட்டால் பெரும்பாலும் முழுதாகக் குணமாகிவிடும். கருப்பிக்கு ஸ்கேன் எடுக்கும்போது இதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி என்ன செய்யலாம்? பூனையை இந்த வாரமே கருத்தடைக்குக் கொண்டு போங்கள். பருவத்தில் இருக்கும்போதும் செய்யலாம், குட்டிகளும் பால் மறக்கும் வயதுதான். அதுவரை ஜன்னல் உட்பட எல்லாவற்றையும் மூடி வையுங்கள். குட்டிகளுக்கு 4, 5 மாதத்தில், ஆண் பெண் இரண்டுக்கும். பெட்டைக் குட்டிக்கு 6 மாதத்துக்குள் செய்துவிட்டால் பின்னாளில் மடியில் புற்று வரும் வாய்ப்பும் வெகுவாகக் குறையும். ஆணுக்குச் செய்த பிறகு சில வாரம் பெட்டையோடு விடாதீர்கள், மிச்ச விந்தணு இருக்கும். செலவை நினைத்துத் தள்ளிப்போட வேண்டாம். ஈப்போ பக்கம் ஒரு கிளினிக்குக்கும் இன்னொன்றுக்கும் கட்டணம் வேறுபடும், நாலு இடம் கேளுங்கள். விலங்கு நலக் குழுக்கள் சலுகைக் கட்டணத்தில் நாள் குறித்துச் செய்வதும் உண்டு.

கருப்பி சினையில்லை என்று ஸ்கேன் சொன்னால், பால் வற்றியபின், ஆகஸ்ட் வாக்கில் ஆபரேஷன் செய்துவிடலாம். பொய்ச்சினையில் மடியைப் பீய்ச்சிப் பார்க்காதீர்கள், பீய்ச்சப் பீய்ச்ச இன்னும் சுரக்கும். சினைதான், குட்டிகள் வேண்டாம் என்றால் அதையும் மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். நாள் போகப் போக வழி குறையும், இந்த ஜூன் முதல் வாரத்திலேயே கேட்க வேண்டிய கேள்வி அது. பெற்று வளர்க்கட்டும் என்று முடிவு செய்தால், ஜூன் கடைசியில் ஈன்று, ஆகஸ்ட் கடைசிவரை குட்டிகள் தாயோடு இருக்க வேண்டும். 8 வாரம் ஆகாத குட்டியை அட்டைப்பெட்டியில் போட்டுக் கோயில் வாசலிலோ பாசாரிலோ வைத்துவிட்டு வருகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள், உங்கள் வீட்டிலிருந்து அப்படி ஒரு பெட்டி போகாது என்று நம்புகிறேன். யார் யாருக்குக் கொடுப்பது என்று இப்போதே பேசி வையுங்கள். செப்டம்பரில் பால் வற்றிவிடும். அக்டோபர் தொடக்கத்துக்கு ஆபரேஷன் தேதி வாங்கிவிடுங்கள். அதைத் தாண்டினால் நவம்பர் வட்டம் நெருங்கிவிடும், பருவம் வந்துவிட்டால் அப்புறம் 2, 3 மாதம் காத்திருக்க வேண்டியிருக்கும்.